அன்று கல்லணை வரை, இன்று கடைமடை வரை

சிவில் படிக்கிற பிள்ளைகளைக் காவிரிக்கு அழைத்துப்போவது நம் பக்கத்துக் கல்லூரிகளில் பழைய வழக்கம். எண்பதுகளில் நாங்கள் போனபோது வழித்தடம் மாறவே மாறாது. விடிகாலையில் மேட்டூர், மதியம் முக்கொம்பு, பொழுது சாய்வதற்குள் கல்லணை, நேரம் இருந்தால் தஞ்சைப் பெரிய கோயில். மேட்டூரில் மீன் வறுவல், முக்கொம்பில் கட்டுச்சோறு, கல்லணையில் கூட்டமாய் நின்று ஒரு படம். ஊர் திரும்பி எழுதிய ‘டூர் ரிப்போர்ட்’டில் உயரம், நீளம், கொள்ளளவு, மதகுகளின் எண்ணிக்கை எல்லாம் இருக்கும். கல்லணைக்குக் கிழக்கே ஆறு என்ன ஆகிறது என்று ஒரு வரி இருக்காது. அதற்கப்புறம் வயல், வயலுக்கப்புறம் கடல். பொறியாளருக்கு அங்கே என்ன வேலை என்பதுதான் அன்றைய நினைப்பு.

அண்மையில் ஒரு கல்லூரிக் குழுவோடு அதே தடத்தில் புறப்பட்டேன். இப்போது இதற்கு ‘ஐ.வி.’, அதாவது ‘இண்டஸ்ட்ரியல் விசிட்’ என்று பெயர். பேருந்தில் பாதிக்குமேல் பெண் பிள்ளைகள். சிவில் மாணவர்களோடு சுற்றுச்சூழல் படிப்பவர்களும் இருந்தார்கள். நிகழ்ச்சி நிரலில் கல்லணை முதல் நாளோடு முடிந்துவிட்டது. பிறகு நீடாமங்கலம், வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், முத்துப்பேட்டை, கோடியக்கரை. பாடத்திட்டம் மாறியதால் மட்டும் வழித்தடம் நீளவில்லை. ஆற்றை நிர்வகிப்பது என்றால் என்ன என்பதைப் பற்றிய எண்ணமே இந்த நாற்பது ஆண்டுகளில் தலைப்பிலிருந்து கடைமடைக்கு இறங்கி வந்திருக்கிறது.

மேட்டூர்: கொள்ளளவும் நாட்காட்டியும்

1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த அணை. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம். 120 அடி, 93.47 டி.எம்.சி.; இந்த இரண்டு எண்ணையும் தஞ்சாவூர்ப் பக்கத்தில் பள்ளிக்கூடம் போகாத கிழவர்கூடத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். 1924 ஜூலையில் காவிரியில் வந்த பெருவெள்ளத்தையும், அதே ஆண்டு சென்னைக்கும் மைசூருக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்தையும் சொல்லிவிட்டுத்தான் எங்கள் ஆசிரியர் அணையின் குறுக்குவெட்டுப் படத்துக்கு வருவார். உபரி நீர் வெளியேறும் எல்லிஸ் சேடிலின் 16 கண் பாலத்தில் நின்று, இவ்வளவு பெரிய ஷட்டரை எப்படித் தூக்குகிறார்கள் என்று வாய் பிளந்தோம். ஜூன் 12-ல் அணை திறப்பது எங்களுக்குப் பொங்கல், தீபாவளி போல நாட்காட்டியில் அச்சான செய்தி.

இன்றைய பிள்ளைகள் அணையைப் பார்ப்பதற்கு முன்னால் கைப்பேசியைப் பார்த்தார்கள். மாநில எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் இன்று வரத்து எவ்வளவு, கிருஷ்ணராஜசாகரில் நீர்மட்டம் எவ்வளவு, கபினியிலிருந்து எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்று நின்ற இடத்திலேயே தேடி எடுத்துவிட்டார்கள். எங்கள் காலத்தில் மேட்டூர்தான் காவிரிக்குத் தலைவாசல். இப்போது மேட்டூரின் கதை மாநில எல்லைக்கு அப்பால் தொடங்குகிறது. 1990-ல் நடுவர் மன்றம், 1991-ல் இடைக்காலத் தீர்ப்பு, 2007-ல் இறுதித் தீர்ப்பு, 2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் மேலாண்மை ஆணையமும். இத்தனைக்கும் பிறகு தமிழகத்துக்கு பிலிகுண்டுலுவில் வரவேண்டிய நீர் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி.

ஜூன் 12 மட்டும் பழைய ஜூன் 12 ஆக இல்லை. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. 2020-ல் திறந்தது. 2022-ல் மே 24-ம் தேதியே திறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டு ஜூன் 12-ல் திறந்து, மழை பொய்த்து, அக்டோபர் 10-ல் மூடிவிட்டார்கள். நாற்று விடும் தேதியை நாட்காட்டி சொன்ன காலம் போய், செய்தி அறிக்கை சொல்லும் காலம் வந்திருக்கிறது.

எங்கள் ஆசிரியர் சொல்லாத இன்னொன்றை இப்போது சொல்லிக்கொடுக்கிறார்கள். அணை தண்ணீரை மட்டும் நிறுத்துவதில்லை, வண்டலையும் நிறுத்துகிறது. டெல்டா என்பதே ஆறு கொண்டுவந்து போட்ட மண். தொண்ணூறு ஆண்டுகளாக அந்த மண் மேட்டூரில் படிந்துகொண்டிருக்கிறது. 2017-ல் தூர்வாரத் தொடங்கி, விவசாயிகளை வண்டல் அள்ளிக்கொள்ள விட்டார்கள். கீழே எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை என்று மின்சாரத்துக்கான கதவணைகள் வரிசையாக வந்தன. 2014-ல் மாயனூர்க் கதவணையும் சேர்ந்துகொண்டது. நாங்கள் மணல் திட்டுகளாகப் பார்த்த ஆற்றில் இன்று பல இடங்களில் தேங்கிய நீர்ப்பரப்பைத்தான் பார்க்க முடிகிறது.

முக்கொம்பு: ஒரு ராத்திரியில் போன கண்கள்

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவே ஸ்ரீரங்கத் தீவு. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது, ஓட்டமும் நேர். அதனால் வெள்ளம் அந்தப் பக்கமே சாயும், காவிரித் தலைப்பு மணல் மேவிப் போகும், தஞ்சை காயும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கும்பினிக்காரர்களுக்குத் தலைவலியாக இருந்தது இதுதான். கும்பினிப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836 முதல் 1838 வரை கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். கட்டியபின் காவிரி தன் பங்குக்கு மேல் இழுத்துக்கொள்ளத் தொடங்கியது. அதன் படுகை அரித்தது. காவிரியின் தலைப்பிலும் தடுப்பு கட்டவேண்டி வந்தது. ஆற்றில் ஓரிடத்தில் கைவைத்தால் இன்னோரிடத்தில் பதில் சொல்லும் என்பதற்கு முக்கொம்பைவிடப் பக்கத்தில் வேறு பாடம் இல்லை. அன்று எங்களுக்கு அது காட்டனின் வெற்றிக் கதையாக மட்டும் சொல்லப்பட்டது.

2018 ஆகஸ்ட் 22 இரவு அந்த மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது கண்கள் இடிந்து அடித்துக்கொண்டு போயின. அதே வெள்ளத்தில்தான் திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சரிந்தன. நூற்றெண்பது ஆண்டு வயதான கட்டடம், என்னதான் செய்யும் என்றார்கள் சிலர். கொள்ளிடத்தில் அளவில்லாமல் மணல் அள்ளியதால் படுகை இறங்கிவிட்டது என்றார்கள் ஊர்க்காரர்கள். இரண்டையும் மாணவர்கள் குறித்துக்கொண்டார்கள். ரூ.387.60 கோடியில் எழுந்த புதிய கதவணை இப்போது அங்கே கம்பீரமாக நிற்கிறது. ஒரு மாணவி கேட்டாள்: “சார், அடியில மணல் இல்லேன்னா புதுசு மட்டும் நிக்குமா?” நாங்கள் படித்தபோது அணைக்கு அடித்தளம் பற்றிக் கேள்வி கேட்டோம், ஆற்றுக்கே அடித்தளம் உண்டு என்று தோன்றவில்லை.

கல்லணை: காட்டன் படித்த பாடம்

காவிரியும் கொள்ளிடமும் மறுபடி நெருங்கிவரும் இடத்தில், மேட்டுப் படுகையில் ஓடும் காவிரி பள்ளத்தில் கிடக்கும் கொள்ளிடத்தில் போய் விழுந்துவிடாமல் தடுப்பதுதான் கல்லணையின் வேலை. நீளம் 1,080 அடி, பாம்புபோல் நெளிந்த உடம்பு. கரிகாலன் கட்டியதாகக் காலங்காலமாகச் சொல்லிவருகிறோம். மணலில் பாறைகளைப் போட்டு, அவை தம் எடையாலேயே புதைய, மேலே மேலே கல்லும் களிமண்ணுமாக அடுக்கியது. இன்று மேலே தெரிவது வெள்ளைக்காரர் காலத்துப் பாலமும் மதகும். பழைய கல் அடியில் இருக்கிறது.

கல்லணைக்கு வந்து பார்த்துப் படித்துப் போனவர்களில் பெரிய மாணவர் என்று காட்டனைத்தான் சொல்லவேண்டும். ஆழம் காணமுடியாத மணலில் அடித்தளம் போடுவது எப்படி என்று இந்தப் பழைய கட்டுமானத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். 1852-ல் முடிந்த கோதாவரியின் தவளேஸ்வரம் அணை அந்தப் படிப்பின் பலன். நாங்கள் கல்லணையில் கரிகாலனுக்கு ஒரு கும்பிடு, காட்டனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பேருந்து ஏறினோம்.

இப்போது பிள்ளைகளை நிறுத்தி வைப்பது பாலத்துக்குக் கிழக்கே. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்கு வாய். முதல் இரண்டும் பழைய ஆறுகள். கல்லணைக் கால்வாய் மேட்டூர்த் திட்டத்தோடு தோண்டியது. பட்டுக்கோட்டைப் பக்கத்து மேட்டு நிலங்களுக்குப் போகிறது. தஞ்சாவூர்க்காரர்களுக்கு அது இன்னும் ‘புதாறு’தான். இதன் சீரமைப்புக்கு 2021-ல் சுமார் ரூ.2,640 கோடித் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். தரையிலும் கரையிலும் கான்கிரீட் போட்டால் தண்ணீர் விரைவாகக் கடைசிவரை போகும் என்பது பொறியாளர் கணக்கு. தரையை மூடிவிட்டால் கிணறும் போரும் எங்கே ஊறும் என்பது கரையோர விவசாயியின் கணக்கு. கசிவு என்ற சொல்லை எங்கள் பாடநூல் ‘நட்டம்’ என்ற தலைப்பில்தான் வைத்திருந்தது. அந்த நட்டத்தில்தான் ஊர்க் கிணறு நிறைகிறது என்று சொன்ன விவசாயிகளை மாணவர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

நீடாமங்கலம்: பங்கு போடுகிற இடம்

வெண்ணாறு நீடாமங்கலம் அருகே மூன்றாகப் பிரிகிறது: வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. மூணாறு தலைப்பு என்று பெயர். பெரிய அணையின் பிரமிப்பு இங்கே கிடையாது. ஒரு பாலம், வரிசையாகச் சில கண்கள், திருகு கம்பியில் ஏறி இறங்கும் ஷட்டர்கள், தூணில் அடி அங்குலமாகக் கோடு கிழித்த அளவுகோல். டெல்டாவின் அரசியலும் வயிறும் இந்த மாதிரி இடங்களில்தான் நடக்கின்றன. எங்கள் காலத்து நிரலில் இது இல்லவே இல்லை.

மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கர் ஒருவர் இருந்தார். முன்பு பொதுப்பணித்துறை, இப்போது நீர்வளத்துறை. அவருக்கு இரண்டும் ‘ஆபீஸ்’தான். கால்சட்டை நனைய இறங்கி, அளவுகோலின் அடியில் ஒட்டியிருந்த பாசியைக் கையால் வழித்துவிட்டு, கண்ணைச் சுருக்கிப் படித்தார். கைப்பேசியை எடுத்து அதைப் படமும் பிடித்தார்.

“படம் எதுக்குண்ணே? சொன்னா போதாதா?” என்றான் ஒரு பையன்.

“முன்னாடி சொன்னா போதும் தம்பி. இப்ப குரூப்புல போட்டோ போட்டாத்தான் கணக்கு” என்று சிரித்தார். பிறகு மேற்கே கைகாட்டி, “அங்க அரை அடி ஏறுனா இங்க எப்ப தெரியும், இங்க ஒரு திருகு எறக்குனா கோரையாத்துல எந்த ஊருக்காரரு போன் பண்ணுவாரு, எல்லாம் மனசுல இருக்கு” என்றார். “கடைமடைக்காரங்க சத்தம் போடுவாங்க. அவங்க சத்தம் நியாயம். மேல உள்ளவங்க விடமாட்டாங்க. அவங்களுக்கும் நியாயம் இருக்கு.”

முறைப்பாசனம் என்ற அறிவியலை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தானியங்கி அளவிகளும் கட்டுப்பாட்டு அறைத் திரைகளும் எவ்வளவு வந்தாலும், இவர் மனதில் இருக்கும் நேரக் கணக்கை யாராவது எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். மாணவர்களில் இரண்டு பேர் எழுதினார்கள்.

ஏரிகள்: நெல்லுக்கு வெட்டியது, நாரைக்கும் ஆனது

வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரம் ஏரியும் பாசனத்துக்கு வெட்டியவை. மேட்டூர்த் தண்ணீர் டெல்டாவின் ஆறுகள் வழியே வந்து இவற்றை நிரப்புகிறது. வடகிழக்குப் பருவமழை தளும்ப வைக்கிறது. நீர் நிறைந்தால் ஏரிக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் நத்தை குத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கூடு கட்ட வருகின்றன. பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது இந்த ஊர்களில் பழைய அறிவு.

எங்கள் காலத்தில் இப்படிப்பட்ட ஏரி ஒரு ஆயக்கட்டு எண். இவ்வளவு ஏக்கர் பாசனம், இவ்வளவு கொள்ளளவு, அத்தோடு சரி. தொண்ணூறுகளின் இறுதியில் இரண்டும் பறவைகள் சரணாலயங்கள் ஆயின. 2022-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறின. அந்த ஆண்டு தமிழகத்தின் பல நீர்நிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்தப் பட்டியலுக்குள் வந்தன. சென்னையின் பள்ளிக்கரணையும் அதில் ஒன்று. அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி 2024-ல் சேர்ந்தது.

பட்டியலில் ஏறியதால் ஏரி தானாக நிரம்பிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். மேட்டூர் தாமதித்தால் ஏரி தாமதிக்கிறது. ஏரி தாமதித்தால் கூடும் தாமதிக்கிறது. குறுவைக்குத் தண்ணீர் கேட்டு மனு கொடுக்க உழவர் இருக்கிறார். நாரைக்காக மனு கொடுக்க ஆள் வேண்டும். உதயமார்த்தாண்டபுரத்தில் அந்த வேலையையும் ஊர்க்காரர்களே சேர்த்துப் பார்க்கிறார்கள்.

கடைமடை: உப்பு ஏறும் மண்

தலைஞாயிறு பக்கம் அடப்பாற்றின் கரையில் இறங்கி நடந்தோம். அறுவடை முடிந்த வயல். மண்ணின் மேல் வெள்ளையாக ஒரு பூச்சு. விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் உப்பு. வெயில் காயக் காய அடியிலிருந்து மேலேறி வந்து பூக்கிறது. நல்ல தண்ணீர் மேலிருந்து வந்து அழுத்தினால்தான் அது இறங்கும். வயல்காரப் பெண்மணி ஒருவர் மாணவிகளிடம் சொன்னார்: “ஒரு தண்ணி வந்து கழுவிட்டுப் போனாத்தாம்மா வெள்ளாமை. அதான் வர்றதில்ல.”

டெல்டாவின் மேல்பாதியில் ஆறு வராவிட்டாலும் போர் இருக்கிறது. ஆறு வந்தால்தான் நாற்று என்றிருந்த குறுவை, போர் வைத்திருப்பவர்களுக்கு ஆற்றுக்காகக் காத்திராத பயிராகிவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழக டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் ஆற்றுப் பங்கைக் குறைத்தது. கடைமடையில் போர் போட்டால் வருவது உப்புத் தண்ணீர். ஒரே டெல்டா, ஒரே தீர்ப்பு. மேல்மடைக்குப் பொருந்தும் கணக்கு கீழ்மடைக்குப் பொருந்துவதில்லை.

அன்று கடைமடை என்றால் மிச்சம் வந்தால் வாங்கிக்கொள்ளும் இடம். இன்று அரசுத் திட்டங்களே இங்கிருந்து தொடங்குகின்றன. ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு அரிச்சந்திரா, அடப்பாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு, வளவனாறு, வேதாரண்யம் கால்வாய் ஆகியவற்றில் கரை உயர்த்தி, கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுக்கும் ஒழுங்கியங்கள் கட்டினார்கள். கடல் மட்டமும் புயலும் பொறியியல் வரைபடத்துக்குள் வந்துவிட்டன. மேட்டூரில் ஷட்டர் தண்ணீரை உள்ளே நிறுத்துகிறது. இங்கே ஷட்டர் கடலை வெளியே நிறுத்துகிறது.

முத்துப்பேட்டை, கோடியக்கரை: ‘வீண்’ என்ற கணக்கு

கோரையாறும் பாமணியாறும் கந்தபரிச்சானாறும் கிளைதாங்கியும் மரக்காக்கோரையாறும் வந்து சேரும் இடத்தில் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து எழுபதுகள் வரை இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் மண் காய்ந்து தாழ்ந்தது, கடல்நீர் தேங்கி ஆவியாகி உப்பு கூடியது, கன்று முளைக்கவில்லை. தொண்ணூறுகளில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதத் தண்ணீர் ஏறி இறங்க வழி செய்து கன்று நட்டார்கள். காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி மீனை உள்ளே வரவழைத்துப் பிடிப்பது இங்குள்ள மீனவர்களின் பழைய முறை. தண்ணீர் ஏறி இறங்கும் வாய்க்காலோரம் மரம் நன்றாக வளரும் என்பதை அவர்கள் முன்பே கண்டிருந்தார்கள்.

கிழக்கே வேதாரண்யம் சதுப்பு, உப்பளங்கள், கோடியக்கரை. வெளிமானுக்காக 1967-ல் சரணாலயம் ஆனது. பறவையியலாளர் சாலிம் அலி வந்துபோன இடம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளுக்கு வளையம் மாட்டி ஆராய்ந்த இடம். 2002-ல் தமிழகத்தின் முதல் ராம்சர் தலம், 38,500 ஹெக்டேர். பூநாரைக்கு உப்பும் வேண்டும், நல்ல தண்ணீரும் வேண்டும். ஆற்று நீர் குறையும்போது சதுப்பின் உப்பு எல்லை மீறுகிறது. பூநாரை தின்னும் நுண்ணுயிர்கள் குறைகின்றன.

2018-ஐ இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பிப்ரவரியில் தீர்ப்பு. ஜூலையில் மேட்டூர் நிரம்பியது. ஆகஸ்டில் முக்கொம்பு உடைந்து, கொள்ளிடம் வழியே வெள்ளம் கடலுக்கு ஓடியது. அப்போதே கடைமடையில் தண்ணீர் வரவில்லை என்று மறியல். நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யத்தையும் கோடியக்கரைக் காட்டையும் அலையாத்தியையும் சாய்த்துவிட்டுப் போனது. ஆற்றின் தலையில் ஒரு சேதம், காலில் ஒரு சேதம், நடுவில் தாகம். மூன்றும் ஒரே ஆண்டு, ஒரே ஆறு.

எங்கள் காலத்தில் கடலுக்குப் போன தண்ணீரெல்லாம் வீண். மேடையில் அதைத்தான் பேசினார்கள், தேர்வில் அதைத்தான் எழுதினோம். அந்தக் கருத்து இன்னும் செத்துவிடவில்லை. வெள்ளம் வரும்போதெல்லாம் செய்தித்தாளில் தலைதூக்குகிறது. ஆனால் சட்டம் ஓரங்குலம் நகர்ந்திருக்கிறது. 2007-ல் நடுவர் மன்றம் காவிரியின் 740 டி.எம்.சி.யைப் பங்கிட்டபோது தமிழகத்துக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று வைத்தது. மீதியில் சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்கமுடியாமல் கடலில் சேர்வதற்கு 4. மாநிலங்களின் பங்கை 2018 தீர்ப்பு மாற்றியது. இந்த இரண்டையும் மாற்றவில்லை. அலையாத்திக்கும் பூநாரைக்கும் ஆற்றில் பங்கு உண்டு என்று அந்த எண்கள் ஒப்புக்கொள்கின்றன.

கூட்டிப் பார்த்தால் 14. மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. அது போதுமா, எந்த மாதத்தில், எந்த ஆற்று வழியாக என்று கேட்க ஆள் வேண்டும். கல்லணையோடு திரும்பிய எங்கள் தலைமுறைப் பொறியாளர்கள் அதைக் கேட்கவில்லை. கேட்கும் இடம்வரை நாங்கள் போகவேயில்லை. இந்தப் பிள்ளைகள் போய்விட்டார்கள். நாளை இவர்களில் சிலர் மேட்டூரிலோ மூணாறு தலைப்பிலோ கையெழுத்துப் போடும் இடத்தில் உட்காருவார்கள். அடுத்த குழுவின் வழித்தடத்தைத் தலைகீழாக்கி, கோடியக்கரையில் தொடங்கி மேட்டூரில் முடியுங்கள் என்று அந்தக் கல்லூரி ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். கடைமடையின் கணக்கைத் தெரிந்துகொண்டு அணைக்கு வருகிறவர், அங்கே அளவுகோலைப் படிக்கும் விதமே வேறாக இருக்கும்.